முழுக்காவலும் அரைக்காவலும்

லுவான் மாவ்ச்சினின் நாக்குக்கு இரண்டு தொழில். ஒன்று திட்டுவது, இன்னொன்று உப்புப் பார்ப்பது. மஞ்சள் ஆறு கடலில் விழுகிற எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு தொழிலிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வயலில் ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி நாக்கு நுனியில் வைப்பாள். ஒரு மூச்சு விடுவாள், துப்புவாள். "பருத்தி வெச்சா பிழைக்கும். சோளம் வெச்சா உன் பேரைச் சொல்லிச் சாகும்" என்பாள். ஆராய்ச்சிப் பண்ணைக்காரர்கள் அதே மண்ணைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மீட்டரை முக்கி, அரை நாள் கழித்து அதையேதான் சொல்வார்கள். அதற்குள் மாவ்ச்சின் வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவியிருப்பாள்.

அந்த நாக்கு சும்மா வந்ததல்ல. அவள் அப்பா ஆற்றுக்குத் தென்கரையில், நல்ல மண் இருக்கிற ஊரில், முள்ளங்கியையும் முட்டைக்கோஸையும் உப்பு நீரில் ஊறப்போட்டு விற்றவர். எந்த ஜாடி நாளைக்குச் சந்தைக்குப் போகலாம், எது இன்னும் கிடக்கணும் என்று விரலை விட்டு நக்கிச் சொல்வது மாவ்ச்சினின் வேலை. அப்படிப்பட்டவள் வந்து வாழ்க்கைப்பட்டது எட்டாம் மதகு கிராமத்தில். தலையெழுத்தின் குசும்பைப் பாருங்கள். எட்டாம் மதகில் ஆடு செத்தால் கருவாடாகவே சாகும் என்று தென்கரைக்காரர்கள் கேலி பேசுவார்கள். கேலியில் பாதி உண்மை.

எங்கள் மண்ணைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வசந்தம் வந்தால் அடியில் கிடக்கிற உப்பு மேலே ஏறி, வயல் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மழையோ ஆற்றுத் தண்ணீரோ பாய்ந்தால் அந்த வெள்ளை கரைந்து கீழே இறங்கிவிடும். நிலம் கறுப்பாக, மெத்தென்று, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கிடக்கும். பத்துப் பதினைந்து நாள் வெயில் அடித்தால் மறுபடியும் வெள்ளை. அதனால் எங்கள் ஊரில் வசந்தத்தில் பெண் வீட்டாரைச் சம்பந்தம் பார்க்க எவனும் கூப்பிட மாட்டான். கூப்பிட்டால் அவர்கள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போவார்கள்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் மாவ்ச்சின் வீட்டார் மாப்பிள்ளையின் வீடு வாசல் பார்க்க வந்தது சரியாக வசந்தத்தில்தான். தரகுக்காரி நாளைக் குழப்பிவிட்டாள். ஆனால் வந்து பார்த்தால் நிலம் கறுகறுவென்று இருந்தது. காலணியில் ஒட்டுகிற அளவுக்கு ஈரம்.

"முந்தாநாள் இங்க நல்ல மழை" என்றாள் தரகுக்காரி.

"எங்க கரையில ஒரு சொட்டு விழலையே?" என்று கேட்டார் மாவ்ச்சினின் அப்பா.

"மழைக்கு எங்க ஊர்னா தனிப் பாசம்ணே. அதனாலதான் சொல்றேன், பொண்ணை யோசிக்காமக் குடுங்க."

கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் மண்ணை நக்கிப் பார்க்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? இலையுதிர் காலத்தில் கல்யாணம் முடிந்தது. அடுத்த வசந்தத்தில் ஒரு காலை கதவைத் திறந்த மாவ்ச்சின், யாரோ மாவு மூட்டையைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தாள். குனிந்து கிள்ளி நாக்கில் வைத்தாள். அப்பாவின் பெரிய ஜாடியின் அடியில் கிடக்கிற கசடு கூட அவ்வளவு கரிக்காது. துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு தென்கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

ஊர் எல்லையில் மதகு. மதகில் அவள் புருஷன் ஷிங் தெலூ நின்றுகொண்டிருந்தான். அப்பன் வழியில் அவனும் மதகுக்காரன். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற மதகுச் சாவி அவன் இடுப்பில். போகாதே என்று சொல்லவில்லை. வாயில் வார்த்தை வந்தால்தானே சொல்வான்! துண்டில் சுற்றிய இரண்டு ஆவி ரொட்டியை நீட்டினான். "தூரம் ஜாஸ்தி. மத்தியானம் சாப்பிட்டுக்கோ" என்றான். மாவ்ச்சின் அந்த ரொட்டியை மதகுத் திண்டிலேயே உட்கார்ந்து தின்றாள், அழுதாள், எழுந்து வீட்டுக்கே திரும்பினாள். அந்த மனுஷனைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் அவ்வளவு கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மழையின் தலையில் கொட்டினாள்.

அன்றிலிருந்து வசந்தத்தில் நாலு தூறல் விழுந்தால் போதும், முற்றத்தில் இறங்கி இடுப்பில் கையை வைத்துக்கொள்வாள். "பொய் சொல்லி! ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுத்துட்டு இப்ப எதுக்கு மூஞ்சியக் காட்டறே?" என்று ஆரம்பித்தால் மழை நிற்கிற வரைக்கும் நிறுத்த மாட்டாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்க வருவார்கள். தெலூ மட்டும் அந்த நேரத்தில் மதகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விடுவான். மதகுக்காரனுக்கு மழை நாளில் வேலை இருக்கும்தானே என்று ஊரும் விட்டுவிட்டது.

ஆராய்ச்சிப் பண்ணை வந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால். மாவ்ச்சின் களை பிடுங்கப் போனாள். ஒரு நாள் சோயாச் செடியின் இலையை மென்றுகொண்டிருந்தபோது பண்ணையின் விஞ்ஞானி டாக்டர் ஷான் பார்த்துவிட்டாள். முப்பது வயதுப் பெண், கண்ணாடி, எப்போதும் பாதி சாப்பிட்ட ரொட்டி ஒன்று கையில்.

"ஐயோ அக்கா! அது சோதனைச் செடி!"

"சோதனைதான் பண்றேன். இது செத்துரும். அதோ அது பொழைக்கும்."

"பார்க்க ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"பார்க்க என் வீட்டுக்காரர் கூட நல்லாத்தான் இருந்தார். மென்னு பாருங்க டாக்டரம்மா. இதுல உப்பு ஏறிடுச்சு. அதுல ஏறலை."

மூன்று நாளில் அந்தச் செடி ஓரம் கருகி மஞ்சளாகிக் கவிழ்ந்தது. டாக்டர் விடவில்லை. நாற்பது தொட்டிகளில் பேரை மறைத்து இலை பறிக்க வைத்தாள். மாவ்ச்சின் முப்பத்தொன்பதைச் சரியாகச் சொன்னாள். "மிச்சம் ஒண்ணுல நீங்க சீட்டு மாத்தி ஒட்டியிருப்பீங்க" என்றாள். மாற்றித்தான் ஒட்டியிருந்தார்கள்! அன்றைக்கே களை பிடுங்குகிற வேலை போய், மெல்லுகிற வேலை வந்தது. மெல்லுவதற்குச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் உலகத்தில் வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அது ஏன் ஒரு செடியில் உப்பு ஏறுகிறது, இன்னொன்றில் ஏறவில்லை என்று மாவ்ச்சின் ஒரு நாள் கேட்டாள். டாக்டர் வரப்பில் உட்கார்ந்து விளக்கினாள்.

"வேர்ல ஒரு புரதம் இருக்குக்கா. கண்ணுக்குத் தெரியாது. தண்ணி மேல ஏறுற குழாய்ப் பக்கத்துல அது நிக்கும். தண்ணியோட சேர்ந்து உப்பும் ஏறப் பார்க்கும்ல? அதைப் பிடிச்சு வேரோட நிறுத்திடும். இலைக்கு விடாது."

"காவலாளி."

"காவலாளியேதான். இன்னொரு புரதம் இருக்கு, அது உள்ள வந்த உப்பைத் திரும்ப மண்ணுக்கே தள்ளி விடும்."

"சரி, உமரிக்கீரை? அதை வாயில வெச்சா ஒரே உப்பு. ஆனா வெள்ளை பூத்த நிலத்துலதான் சிவப்பா மதமதன்னு வளருது. அதோட காவலாளி தூங்கிட்டானா?"

"உமரி வேற மாதிரி. அது உப்பை உள்ள விட்டு, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு தனி அறையில போட்டு அடைச்சிடும். அடைக்கிறதுக்கும் ஒரு புரதம்தான்."

"ஓ! மாமியாரை மாடி ரூம்ல உக்கார வெச்ச மாதிரி. வீட்டுலயும் இருப்பா, விவகாரத்துக்கும் வர மாட்டா."

டாக்டர் சிரித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள், நாம் விதைக்கிற சோயாவில் நிறைய ரகங்களில் அந்தக் காவல் புரதம் உருப்படியாக இல்லையாம். எந்தக் காலத்திலோ அதைச் செய்கிற மரபணுக் குறிப்புக்கு நடுவில் சம்பந்தமில்லாத துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டதில், புரதம் பாதியிலேயே நின்றுபோகிறதாம். ஆற்றுக்கரையில் ஆடு மேய்கிற காட்டுச் சோயாவில்தான் முழுசாக இருக்கிறது. அதை நல்ல ரகத்தோடு சேர்த்துப் புது விதை எடுத்திருக்கிறாள்.

"அப்ப இது முழுக்காவல். பழசு அரைக்காவல்" என்றாள் மாவ்ச்சின். பண்ணையில் அந்த விதைக்கு நீளமாக ஓர் எண் உண்டு. அதை எவரும் சொல்வதில்லை. முழுக்காவல், அரைக்காவல் என்பதே நிலைத்துவிட்டது.

போன வசந்தத்தில் டாக்டர் ஒரு யோசனையோடு வந்தாள். பண்ணைக்குள் வளர்த்தது போதும், ஊர் நிலத்தில், ஊர் பார்க்க, ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சி உப்பை அமுக்காமல், வெள்ளை பூத்த மண்ணிலேயே விதைத்துக் காட்டணும். ஜூன் கடைசியில் ஐந்து கிராமத்தையும் கூப்பிட்டு வயலைக் காட்டணும். பிடித்தவர்கள் அடுத்த வருஷம் விதைப்பார்கள். யார் நிலம் கொடுப்பது? மாவ்ச்சின் தன்னுடைய ஒன்றரை ஏக்கரைக் கொடுத்தாள். முப்பத்தாறு வருஷமாக அவளை ஏமாற்றிய அதே நிலம்.

"தண்ணி விடாம சோயாவா? உன் நாக்குக்கு உப்பு ஜாஸ்தியாகி மூளைக்கு ஏறிடுச்சுடி" என்றாள் பக்கத்து வயல்காரி பான் ஷூஜீ. ஊரில் மாவ்ச்சினோடு சரிக்குச் சரி வாயாடக்கூடிய ஒரே பிறவி.

"முளைக்கலைன்னா இந்த நாக்கை அறுத்து உன் ஊறுகாய் ஜாடியில போட்டுக்கோ" என்றாள் மாவ்ச்சின்.

வார்த்தையை விட்டாகிவிட்டது. ஊரே கேட்டது.

வயலின் கடைசி இரண்டு வரிசையில் மட்டும் டாக்டர் அரைக்காவலை விதைக்கச் சொன்னாள். அது சாகணும், பக்கத்தில் முழுக்காவல் நிற்கணும், அப்போதுதான் ஜனங்களுக்குப் புரியும் என்றாள். தெலூவுக்கு மட்டும் அது புரியவே இல்லை. "சாகறதுக்குன்னு யாராவது விதைப்பாங்களா?" என்று இரண்டு நாள் முனகினான்.

ஜூன் முதல் வாரம் வெள்ளை ஏறியது. அரைக்காவல் ஓரம் கருக ஆரம்பித்தது. முழுக்காவலுக்கும் கீழிலைகள் கொஞ்சம் பழுத்தன. "முதல்ல அப்படித்தான் இருக்கும்கா, பொறுங்க, தாங்கிடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுத் தலைநகருக்கு ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டாள். மண்ணில் உப்பை அளக்க அவள் நட்டு வைத்த கருவியின் வயரை ஷூஜீயின் ஆடு மென்றுவிட்டது. அதே வாரம் மாவ்ச்சினின் மகளுக்கு சிங்தாவ் நகரத்தில் பிரசவம். மகளைப் பார்த்துக்கொள்ள மாவ்ச்சின் கிளம்பினாள். கிளம்பும்போது பழுத்த இலைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இதுங்க போச்சுன்னா என் மானமும் போச்சு" என்றாள். தெலூ பக்கத்தில்தான் நின்றான்.

பதினாறு நாள் மாவ்ச்சின் சிங்தாவில் இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு உப்பு ஆகாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். கம்மங்கஞ்சி மாதிரித் தினைக்கஞ்சி, வெல்லம், அவித்த முட்டை. மகள் சாப்பிடுவதையே தாயும் சாப்பிட்டாள். உப்பே படாத நாக்கோடு ஊருக்குத் திரும்பினாள். அந்த நாக்கு சவரக்கத்தியாகக் கூர்ந்திருந்தது.

வயல் காட்டுகிற கூட்டத்துக்கு முந்தின நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் வயலுக்குப் போனாள். பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டாள். வயல் முழுக்கப் பச்சை. இடுப்புக்கு வராவிட்டாலும் தொடைக்கு வந்திருந்தது. கிராமச் செயலாளர் நியே சிவப்புத் துணிப் பதாகையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி! உங்க வயலைப் பார்த்தீங்களா! மாவட்டத்துல இருந்து போட்டோக்காரரே வர்றார்!"

மாவ்ச்சின், என் கண்ணுங்களா, தாங்கிட்டீங்களா என்று ஒவ்வொரு செடியாகத் தடவிக்கொண்டே நடந்தாள். நடந்து நடந்து கடைசி வரிசைக்கு வந்தாள். கடைசி இரண்டு வரிசையும் பச்சை.

சாக வேண்டியது சாகவில்லை.

ஒரு இலையைக் கிள்ளி மென்றாள். சப்பென்று இருந்தது. பதினாறு நாள் உப்பில்லாமல் தின்று நாக்கு செத்துவிட்டதோ என்று பயந்து, வாய்க்கால் ஓரம் உமரிக்கீரையைப் பறித்து மென்றாள். சுருக்கென்று ஏறியது. நாக்கில் கோளாறு இல்லை. குனிந்து மண்ணைக் கிள்ளி வைத்தாள். ஆற்று வண்டலின் வாசம், நல்ல தண்ணீரின் ருசி.

தண்ணீர் பாய்ந்திருக்கிறது. பாய வேண்டுமானால் மதகு திறக்க வேண்டும். மதகுச் சாவி யார் இடுப்பில்?

மத்தியானம் தெலூ ரொட்டியில் வெங்காயத்தாளை வைத்துச் சுருட்டி, சோயா விழுதில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் அவள் கேட்டாள்.

"எத்தனை நாள் விட்டே?"

கை அப்படியே நின்றது. "மூணு நாள். எல்லாரும் மத்தியானம் தூங்கும்போது."

"யோவ், அது சோதனைய்யா! உப்புல நிக்குதான்னு பார்க்கத்தான் விதைச்சது! உப்பைக் கழுவி விட்டுட்டு எதைப் பார்க்கிறது, உன் மூஞ்சியையா?"

"வெள்ளை ஏறினா தண்ணி விடணும். எங்கப்பன் காலத்துல இருந்து அதான் வழக்கம். வாடுற பயிரைப் பார்த்துக்கிட்டு சாவியை இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்க என்னால முடியலை." ரொட்டியைக் கீழே வைத்து, "நீ மானம் போகும்னு சொன்னே" என்றான்.

"இப்ப மட்டும் இருக்குதா?"

"நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கோ மாவ்ச்சின். விதை நல்ல விதைதானே? டாக்டரம்மாவே சொல்றாங்களே."

அங்கேதான் சிக்கல். விதை நல்ல விதையாகவே இருக்கலாம். ஆனால் நாளைக்கு வருகிறவர்கள் வயலைப் பார்த்து நம்ப வரவில்லை, மாவ்ச்சினின் நாக்கை நம்பி வருகிறார்கள். அவள் தலையாட்டினால் ஐந்து கிராமமும் அடுத்த வசந்தத்தில் தண்ணீர் விடாமல் வெள்ளை மண்ணில் விதைக்கும். பொய்த்தால்? ஈரத்தைக் காட்டி ஏமாற்றப்படுவது எப்படி இருக்கும் என்று எட்டாம் மதகில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? சொல்லிவிட்டாலோ, புருஷன் ஊர் நடுவில் திருடன் மாதிரி நிற்பான், டாக்டரின் மூன்று வருஷ உழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கும், ஷூஜீ ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வருவாள். அவளுக்கு அழுகை வந்தது. ரொட்டியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டாக்டர் ரயிலிலிருந்து போன் செய்தாள். "வண்டி லேட்டுக்கா. நீங்களே ஆரம்பிச்சிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க." மாவ்ச்சின் ம் என்று மட்டும் சொன்னாள். போனில் புருஷனைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை.

அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். பச்சையைப் பார்த்து வாய் பிளந்தார்கள். செயலாளர் மைக்கை அவள் கையில் திணித்தார். "அண்ணி, சுருக்கமா, நல்லதா ரெண்டு வார்த்தை."

மாவ்ச்சின் மைக்கைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், பின்வரிசையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற தெலூவைப் பார்த்தாள்.

"இந்தப் பச்சையை நம்பாதீங்க" என்றாள். "இது குளிப்பாட்டிப் பவுடர் பூசி உட்கார வெச்ச பொண்ணு. பாருங்க, கடைசி ரெண்டு வரிசை அரைக்காவல். செத்திருக்கணும். உயிரோட இருக்கு. ஏன்னா தண்ணி பாய்ஞ்சிருக்கு. விட்டது என் வீட்டுக்காரர்."

செயலாளர் மைக்கைப் பிடுங்க வந்தார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"முப்பத்தாறு வருஷம் முன்னாடி இதே நிலத்தை மழை நனைச்சு என் கண்ணுக்குக் காட்டுச்சு. நம்பி வந்தேன். எங்கப்பாவும் நம்பினார். அந்தப் பாழாப்போன மழையை நான் இன்னிக்கு வரைக்கும் மன்னிக்கலை. அதே வேலையை உங்களுக்கு நான் பண்ண மாட்டேன். வானம் பண்ணின அந்த..."

"மழை இல்ல."

பின்வரிசையிலிருந்து வந்தது குரல். தெலூ கூட்டத்தில் பேசி ஊர் கேட்டதே இல்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னது?" என்றாள் மாவ்ச்சின்.

"அன்னிக்கும் மழை இல்ல. ஒரு சொட்டு விழலை. அதுவும் நான்தான்." கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டான். "அப்பா மத்தியானம் தூங்கும்போது சாவியை எடுத்தேன். தரகுக்காரிக்கும் தெரியும்."

மாவ்ச்சின் கணக்குப் போட்டாள். முப்பத்தாறு வசந்தம், முற்றத்தில் நனைந்துகொண்டு, தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் வானத்தைத் திட்டியிருக்கிறாள். அத்தனை நாளும் இந்த மனுஷன் மதகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவினானே!

"ஏன்யா?" என்று மைக்கிலேயே கேட்டாள்.

"சந்தையில உன்னைப் பார்த்திருந்தேன். ஊறுகாய் ஜாடியில விரலை விட்டு நக்கிக்கிட்டு இருந்தே."

முதலில் சிரித்தது ஷூஜீ. பிறகு வயலே சிரித்தது. மாவட்டத்துப் போட்டோக்காரர் சிரிப்பில் கேமராவைக் கீழே வைத்துவிட்டார். மாவ்ச்சினுக்கு அவனை அந்த இடத்திலேயே கொல்ல வேண்டும் போல இருந்தது. அதோடு உள்ளே, வெட்கங்கெட்டு, ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அதற்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. சிலர் சைக்கிளை எடுத்தார்கள். அப்போது ஷூஜீ, கண்ணைத் துடைத்துக்கொண்டே, கடைசி வரிசைகளின் கோடிப் பக்கம் கையை நீட்டினாள்.

"அதுசரிடி, உன் மொட்டைத் திட்டுல என்னமோ நிக்குதே, அது என்ன?"

எங்கள் ஊரில் எல்லா வயலிலும் ஒரு மொட்டைத் திட்டு இருக்கும். மேடு, தண்ணீர் ஏறாது, உப்பு முழுக்க அங்கேதான் ஒதுங்கும், புல் கூட முளைக்காது. அந்தத் திட்டை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நேற்று மாவ்ச்சினும் பார்க்கவில்லை. மைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஜனங்கள் பின்னால் ஓடினார்கள்.

விதைக்கும்போது திட்டை விலக்காமல் போட்ட வரிசைகள் அதன் மேல் ஏறி இறங்கியிருந்தன. மண் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை. திட்டின் விளிம்பில் ஏறிய அரைக்காவல் வரிசையில் காய்ந்த குச்சிகள், தொட்டால் பொடிந்தன. அதற்குப் பக்கத்தில் முழுக்காவல். அழகு என்று சொல்ல முடியாது. முழங்கால் உயரம்கூட இல்லை, கீழிலை கருகி, குட்டையாக, முறைத்துக்கொண்டு நின்றன. ஆனால் நின்றன. பூ விட்டிருந்தன.

மாவ்ச்சின் மண்டிபோட்டு மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். முகம் கோணிப்போய்த் துப்பினாள். பிறகு ஒரு இலையைப் பறித்து மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு நன்றாக மென்றாள்.

"என்ன அண்ணி?" என்றார் செயலாளர்.

"உப்பு இல்ல" என்றாள். "மண்ணுல பல்லு கூசுது. இலையில உப்பு இல்ல. காவலாளி முழிச்சிருக்கான்."

ஷூஜீ நம்பவில்லை. தானும் மண்ணைக் கிள்ளி வைத்துக் காறித் துப்பினாள், தானும் இலையை மென்றாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராக மண்டிபோட்டு மெல்ல ஆரம்பித்தார்கள். டாக்டர் ஷான் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தபோது, ஐந்து கிராமத்து விவசாயிகள் அவளுடைய சோதனைச் செடியை ஆடு மாதிரி மேய்ந்துகொண்டிருந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டாள். மாவ்ச்சின் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். டாக்டர் பச்சை வயலைப் பார்க்கக்கூட இல்லை. திட்டில் மிச்சமிருந்த குட்டைச் செடிகளின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். அவள் கண்ணாடி நனைந்திருந்தது.

"இவ்வளவு வெள்ளையில நான் விதைக்கச் சொல்லியே இருக்க மாட்டேன்கா" என்றாள்.

அன்றைக்குப் பேர் கொடுத்தவர்கள் பதினோரு பேர். மற்றவர்கள், முழங்காலுக்கு வளருகிற சோயாவை வைத்து என்ன செய்வது என்று போய்விட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். கொடுத்த பதினோரு பேரில் ஷூஜீயும் ஒருத்தி. "உன் நாக்கு எனக்கு வேண்டாம்டி, என் ஜாடி நாறிடும்" என்றாள். செயலாளர் மதகுச் சாவியை ஊர் பார்க்க தெலூவின் இடுப்பிலிருந்து பிடுங்கி மாவ்ச்சினிடம் கொடுத்தார். இனி மதகைத் திறக்க வேண்டுமானால் தெலூ பெண்டாட்டியிடம் எழுதிக் கேட்கணும். கையெழுத்து மோசமாக இருந்தால் அவள் திருப்பி அனுப்பிவிடுவாள்.

இந்த வசந்தத்தில் முதல் மழை ஒரு சாயங்காலம் வந்தது. மாவ்ச்சின் பழக்கதோஷத்தில் முற்றத்தில் இறங்கி, இடுப்பில் கையை வைத்து, தலையை நிமிர்த்தி வாயைத் திறந்துவிட்டாள். ஷூஜீ குடையோடு வந்து நின்றாகிவிட்டது. மழை மூஞ்சியில் விழுந்தது. மாவ்ச்சின் வாயை மூடினாள். மறுபடி திறந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. உள்ளே தெலூ மதகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தவன், சாவி இல்லை என்பது ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

"போ, நீ போய் உன் வேலையைப் பாரு" என்று மாவ்ச்சின் மழையிடம் சொன்னாள். "ஆளு உள்ள இருக்கான்."